கஸ்ஸாலி அறிவியலுக்குத் தாழ்ப்பாள் போட்டாரா?

ஆற்றங்கரை:

வணக்கம். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சென்ற வாரம் ஒளிவிலகல் பாடத்தின் நடுவே இப்னுல் ஹைதமைப் பற்றிச் சொன்னேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவு பெரிய ஆட்கள் இருந்தார்களே, அப்புறம் என்ன ஆயிற்று சார்?" என்று கேட்டாள். எப்போதோ ஒரு காணொளியில் கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். பதினோராம் நூற்றாண்டில் கஸ்ஸாலி என்று ஒரு இறையியலாளர் வந்தார், கணிதம் சைத்தானின் வேலை என்று எழுதினார், அன்றோடு இஸ்லாமிய உலகத்தில் அறிவியலுக்குக் கதவு சாத்தப்பட்டது என்று சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனம் உறுத்தியது. கஸ்ஸாலி எழுதியதில் ஒரு வரியாவது நான் படித்திருக்கிறேனா? இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு மனிதர் மேல் பழி சுமத்திவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. நான் சொன்னது உண்மையா, பொய்யா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அந்த வகுப்புக்கு மறுபடியும் போகிறேன்.

கடலோரத்தான்:

அஸ்ஸலாமு அலைக்கும், ஆசிரியர் அவர்களே. தவறு நேர்ந்திருக்குமோ என்று கேட்க வந்தீர்களே, அதற்கே முதலில் நன்றி.

எங்கள் ஊர் கடற்கரை ஊர், ஷாஃபி மத்ஹபு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர் தெரியாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. என் வாப்பா சுபுஹு தொழுதுவிட்டு வந்து இமாமின் இஹ்யா நூலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், உம்மா தேநீரை மூன்று முறை சூடாக்க வேண்டியிருக்கும். அதனால் இதைக் கேட்டதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. பொறுமையாகவே எழுதுகிறேன்.

கணிதத்தைப் பற்றி அவர் எழுதியது தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் "அல்முன்கித்" என்ற சிறு நூலில் இருக்கிறது. எண்கணிதம், வடிவியல், வானவியல் இவற்றுக்கும் மார்க்கத்துக்கும் ஏற்பாகவோ மறுப்பாகவோ எந்தத் தொடர்பும் இல்லை, இவை நிரூபணத்தால் நிலைபெற்றவை, புரிந்துகொண்ட பிறகு மறுக்க வழியே இல்லை என்கிறார். அதன் பின் இரண்டு ஆபத்துகளைச் சொல்கிறார். கணிதத்தின் துல்லியத்தைப் பார்த்து மயங்கி, தத்துவவாதிகள் இறைவனைப் பற்றிச் சொல்வதும் அதே அளவுக்குத் துல்லியம் என்று நம்பிவிடுவது ஒன்று. மார்க்கத்துக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு கிரகணக் கணக்கைக்கூடப் பொய் என்று மறுக்கும் அறிவில்லாத நண்பன் இன்னொன்று. காணொளிக்காரர்கள் முதல் ஆபத்தில் பாதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள்.

தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய "தஹாஃபுத்" நூலின் முன்னுரையையும் பாருங்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் பூமி வருவதால்தான் சந்திர கிரகணம் உண்டாகிறது. இதை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவன் மார்க்கத்துக்கே கேடு செய்கிறான் என்கிறார். இதைச் சொன்னவரா கணிதத்தைச் சைத்தானிடம் ஒப்படைத்தார்?

வெண்பனி:

கடலோரத்தான் சொன்னதில் தவறு இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். அதே தஹாஃபுத் நூலின் கடைசிப் பக்கத்தையும் ஆசிரியர் படிக்க வேண்டும். தத்துவவாதிகளின் இருபது கருத்துகளை எடுத்து விவாதித்துவிட்டு, அவற்றில் மூன்றை குஃப்ர், அதாவது இறைமறுப்பு என்று கஸ்ஸாலி தீர்ப்பளிக்கிறார். அந்தக் காலச் சட்டத்தில் அந்தத் தீர்ப்புக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். அவர் சட்ட அறிஞர். அது உயிரைப் பறிக்கக்கூடிய தீர்ப்பு. கணிதத்தை எதிர்க்கவில்லை என்பதற்காக இதை மறந்துவிட முடியாது. அபாண்டமும் வேண்டாம், வெள்ளையடிப்பும் வேண்டாம்.

பழைய ஏடு:

ஆசிரியர் தம்பிக்கு, தீர்ப்பைப் பற்றிப் பேசும் முன்னால் மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். நானும் முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன்தான்.

1058இல் குராசானில் தூஸ் நகரத்தில் பிறந்தார். இளம் வயதில் ஜுர்ஜானில் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்துக்கொண்டார்களாம். எல்லாவற்றையும் பறிகொடுத்த பிள்ளை அவர்கள் பின்னாலேயே ஓடினான். "அந்தப் பையை மட்டும் கொடுத்துவிடுங்கள். அதில் நான் எழுதிய பாடக் குறிப்புகள்தான் இருக்கின்றன. என் கல்வி முழுவதும் அதில்தான்" என்று கெஞ்சினான். கொள்ளையர் தலைவன் சிரித்தான். "பையைப் பறித்ததும் உன் கல்வியும் போய்விட்டது என்றால், அதைக் கற்றேன் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். ஊருக்குப் போய் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து அத்தனை குறிப்புகளையும் மனப்பாடம் செய்து முடித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எத்தனையோ மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நிஷாப்பூரில் ஜுவைனியிடம் படித்தார். 1091இல் செல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரை பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராக அனுப்பினார். வயது முப்பத்து மூன்று, எதிரே முந்நூறு மாணவர்கள். நான்கே ஆண்டுகள். 1095 கோடையில் ஒருநாள் பாடம் நடத்த வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. நாக்கு கட்டிக்கொண்டது. உணவு இறங்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீரும் செரிக்கவில்லை. வந்து பார்த்த மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் புகுந்திருக்கிறது, எங்கள் மருந்து அங்கே போகாது என்று கைவிட்டார்கள். இவை அவரே எழுதி வைத்தவை. தாம் பாடம் நடத்துவது இறைவனுக்காக அல்ல, புகழுக்காக என்று தெரிந்துகொண்டார். விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. ஆறு மாதம் அந்தப் போராட்டம். முடிவில் ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று ஊரிடம் சொல்லிவிட்டு டமாஸ்கஸுக்குப் போனார். அங்கே பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தனியாக இருந்தார்.

தஹாஃபுத் எழுதி முடித்தது அதே 1095இன் தொடக்கத்தில். ஒரு பக்கம் காலத்தின் மிகக் கூர்மையான தர்க்க நூல். சில மாதங்கள் கழித்து, பேச்சே நின்றுபோன மனிதர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரைப் பார்த்ததாகும்.

தத்துவ மாணவி:

பழைய ஏடு ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன்.

நான் ஒன்று சேர்க்கிறேன். தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன்னால் கஸ்ஸாலி இன்னொரு நூல் எழுதினார். பெயர் "மகாஸிதுல் ஃபலாஸிஃபா", தத்துவவாதிகளின் நோக்கங்கள். எதிராளி என்ன சொல்கிறான் என்பதை, எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி அந்த நூலில் எடுத்து வைக்கிறார். நம் நன்னூல் ஏழு மதங்களைச் சொல்லும்போது "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு" என்று ஒன்றைச் சொல்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேர்மையாக எடுத்து வைத்தார் என்றால், அந்த நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோவில் லத்தீனுக்குப் போனபோது, ஐரோப்பியர்களில் பலர் கஸ்ஸாலியையே தத்துவவாதி இப்னு சீனாவின் சீடர் என்று நினைத்துவிட்டார்கள். "இவற்றை மறுக்கப் போகிறேன்" என்று சொல்லும் முன்னுரை அவர்கள் கைக்கு வரவில்லை. யாரை மறுக்க அந்த நூலை எழுதினாரோ, அவர்கள் கட்சிக்காரராகவே நூற்றாண்டுக் கணக்கில் அறியப்பட்டார். மாற்றுக் கருத்தை இவ்வளவு ஒழுங்காகச் சொன்னவரை நாம் ஒரு காணொளி வாக்கியத்தில் அடக்குகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆற்றங்கரை:

வெட்கமாகவும் இருக்கிறது, மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. வெண்பனி சொன்ன அந்த மூன்று கருத்துகள் எவை?

தத்துவ மாணவி:

ஒன்று, உலகம் தொடக்கமே இல்லாதது என்பது. இரண்டு, இறைவன் பொதுவானவற்றை மட்டும் அறிகிறான், தனித்தனி நிகழ்வுகளை அறிவதில்லை என்பது. மூன்று, மறுமையில் உடல்கள் எழுப்பப்படுவதில்லை, ஆன்மாவுக்கு மட்டுமே இன்பமும் துன்பமும் என்பது.

முதலும் மூன்றும் சொன்னவுடன் புரிந்துவிடும். இரண்டாவதில்தான் சுவை இருக்கிறது, இயற்பியல் ஆசிரியருக்கு இது பிடிக்கும். இப்னு சீனா காட்டிய உதாரணமே கிரகணம்தான். வானவியல் விதிகள் முழுதாகத் தெரிந்தவர் இன்ன நிலையில் கிரகணம் பிடிக்கும் என்று அறிவார். அந்த அறிவு கிரகணத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். ஆனால் "இதோ, இப்போது பிடித்திருக்கிறது" என்ற அறிவு அப்படி இல்லை. கிரகணம் விட்டதும் அந்த அறிவு பொய்யாகிவிடும், மாற்றியாக வேண்டும். இறைவனிடம் மாற்றம் இல்லை. ஆகவே இறைவன் தனித்தனியானவற்றை அறிவது விதிகளின் வழியாக, பொதுவான முறையில்தான் என்றார். அணுவளவும் அவன் அறிவுக்குத் தப்பாது என்றும் கூடவே சொன்னார்.

கஸ்ஸாலிக்கு இது போதவில்லை. அப்படியானால் ஜைது என்ற ஒரு மனிதன் இன்று கீழ்ப்படிந்தானா, மாறு செய்தானா என்பது இறைவனுக்குத் தெரியாதே என்று கேட்டார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். நள்ளிரவில் ஒரு தாய் எழுந்து பிள்ளைக்காகக் கையேந்துகிறாள். அவள் அழுகை ஒரு பொதுவிதியின் பகுதியாக மட்டுமே கேட்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாதத்தில் இப்னு சீனா பக்கம் நிற்கிறேன். ஆனால் கஸ்ஸாலியின் கேள்வி என்னைத் தொடுகிறது.

வெண்பனி:

அழகாகச் சொன்னீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. கேள்வியோடு நிறுத்தாமல் தீர்ப்பும் எழுதினார் என்பதுதான் என் வருத்தம். தர்க்கத்தில் தோற்றவன் கருத்தை இழக்கலாம். கழுத்தை ஏன் இழக்க வேண்டும்?

கடலோரத்தான்:

சகோதரர் வெண்பனி, இந்த இடத்தில் உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். அந்தக் கடைசிப் பக்கம் எனக்கும் கனக்கிறது.

இமாம் அவர்கள் பிற்காலத்தில் "ஃபைஸலுத் தஃப்ரிகா" என்று ஒரு சிறு நூல் எழுதினார்கள். தன் கட்சிக்கு மாறாகச் சொல்பவனை எல்லாம் காஃபிர் என்று கூவுகிறவர்களை அதில் கடுமையாகக் கண்டிக்கிறார்கள். ஒருவர் வேதவசனத்துக்கு வேறு பொருள் கொள்கிறார் என்றால், எந்தெந்தப் படிகளில் அது ஏற்கத்தக்கது என்று வரிசை வகுக்கிறார்கள். தூதுச் செய்தி சரியாகச் சென்று சேராத பைசாந்திய ரோம நாட்டுக் கிறிஸ்தவர்களிலும் துருக்கியரிலும் பெரும்பாலோரை இறைவனின் கருணை சூழ்ந்துகொள்ளும் என்றும் எழுதினார்கள். ஆனால் உடல் எழுப்பப்படுவதை மறுப்பவர்கள் விஷயத்தில் பழைய தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஏடு:

கதவு சாத்தப்பட்டது என்ற பேச்சுக்கு ஒரு சுருக்கமான பதில். கஸ்ஸாலி மறைந்தது 1111இல். நசீருத்தீன் தூஸி மராகா வானாய்வகத்தைத் தொடங்கியது 1259இல். நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை எழுதிய இப்னு நஃபீஸ் இறந்தது 1288இல். சமர்கந்தில் அல்காஷி பையின் மதிப்பைப் பதினாறு தசம இடங்கள் வரை கணித்தது 1424இல். சாத்திய கதவுக்குள் இத்தனை பேர் எப்படி நுழைந்தார்கள்? அந்த நாடுகளில் அறிவியல் பின்னாளில் தளர்ந்ததற்குப் படையெடுப்பு, பொருளாதாரம், அரசுகளின் ஆதரவு என்று பல காரணங்களைத் தேட வேண்டும். ஒரே ஆள் தலையில் கட்டுவது வரலாறு ஆகாது.

இன்னும் ஒன்று. கஸ்ஸாலி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாரே, டமாஸ்கஸின் அந்தப் பெரிய பள்ளிவாசல், அங்கேதான் பதினான்காம் நூற்றாண்டில் இப்னு ஷாதிர் தொழுகை நேரம் கணிக்கும் பணியில் இருந்தார். அவர் செய்த சந்திரனின் இயக்க மாதிரியும் பின்னாளில் கோபர்நிக்கஸ் தந்ததும் கணித வடிவில் ஒன்றே. 1371இல் அதே பள்ளிவாசலின் மினாராவில் ஒரு சூரியக் கடிகாரமும் செய்து வைத்தார்.

மூன்றாம் பிறை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்னு ருஷ்து பெயர் இன்னும் வரவில்லையே என்று எழுதுகிறேன். கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதியவர் அவர்.

ஸ்பெயினின் கொர்தோபாவில் 1126இல் பிறந்தார், காஜிகளின், அதாவது நீதிபதிகளின் குடும்பம். பாட்டனார் பெயரும் இப்னு ருஷ்துதான், தலைமைக் காஜி. இவரும் செவில்லிலும் கொர்தோபாவிலும் காஜியாக இருந்தார். தத்துவவாதி இப்னு துஃபைல் இவரை அப்போது அங்கே ஆண்ட முவஹ்ஹித் வம்சத்துக் கலீபா அபூ யஅகூப் யூசுஃபிடம் அழைத்துப் போனார். கலீபா கேட்ட முதல் கேள்வி, "வானம் தொடக்கமற்றது என்கிறார்களா தத்துவவாதிகள், படைக்கப்பட்டது என்கிறார்களா?" இவருக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. எனக்கும் தத்துவத்துக்கும் தொடர்பே இல்லை என்றார். கலீபா அதைக் கவனித்து, இப்னு துஃபைல் பக்கம் திரும்பி அரிஸ்டாட்டில், பிளேட்டோ என்று தாமே பேச ஆரம்பித்தார். அதன் பிறகுதான் இவருக்கு வாய் திறந்தது. அரிஸ்டாட்டில் நூல்களுக்கு இவர் எழுதிய உரைகளுக்கு வித்து அந்தச் சந்திப்பு. அரசன் ஒருவன் மேலோட்டமாகக் கேட்ட கேள்வியிலும் தலை போகலாம் என்ற பயம் அந்தப் படிப்போடு எப்போதும் இருந்திருக்கிறது. வெண்பனியின் வருத்தம் எனக்குப் புரிவது இதனால்தான்.

1195இல் அந்தப் பயம் உண்மையானது. அடுத்த கலீபா, யூசுஃபின் மகன், இவரைக் கொர்தோபாவுக்கு அருகே உள்ள லூசேனா ஊருக்கு வெளியேற்றினார். மருத்துவம், கணக்கு, நேரம் கணிக்கத் தேவையான வானவியல் இவை தவிர மற்றத் தத்துவ நூல்களை எரிக்க உத்தரவு போனது. தமக்கு நேர்ந்ததில் கொடியது எது என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. தம் மகனோடு கொர்தோபாப் பள்ளிவாசலுக்கு அஸர் தொழப் போனபோது, கீழோர் கூட்டம் ஒன்று இருவரையும் வெளியே துரத்தியதாம். அந்த ஊரின் காஜியாக இருந்தவர். தள்ளாத வயது. பக்கத்தில் பிள்ளை.

கடலோரத்தான் அண்ணாவுக்கு ஒரு செய்தி. அதே கொர்தோபாவில் 1109இல் எரிக்கப்பட்ட இன்னொரு நூல் எது தெரியுமா? உங்கள் வாப்பா சுபுஹுக்குப் பின் படிக்கும் இஹ்யா. அப்போது கஸ்ஸாலி உயிரோடு இருந்தார். முவஹ்ஹித்களுக்கு முன் ஆண்ட முராபித் ஆட்சி அவர் நூலை எரித்தது, முவஹ்ஹித் ஆட்சி இவர் நூல்களை எரித்தது. எதிரெதிராக நின்ற இருவரின் நூல்களும் ஒரே தேசத்தில் சாம்பலாயின.

கடைசியில் கலீபாவின் மனம் மாறி, மராக்கேஷுக்கு அழைக்கப்பட்டு, 1198இல் அங்கே இறந்தார். பிறகு உடலைக் கொர்தோபாவுக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கண்ணால் பார்த்த சூஃபி ஞானி இப்னு அரபி எழுதி வைத்திருக்கிறார். சுமைவிலங்கின் ஒரு பக்கம் பெட்டியைக் கட்டினார்கள். பாரம் சமமாக இருக்க மறுபக்கம் அவர் எழுதிய நூல்களைக் கட்டினார்கள்.

கடலோரத்தான்:

இஹ்யா எரிக்கப்பட்டது எனக்கு இதுவரை தெரியாது, சகோதரி. இன்று இரவே வாப்பாவிடம் சொல்லப் போகிறேன்.

ஆற்றங்கரை:

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தது. முதலில், போன வாரம் நான் சொன்னது தவறு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்கார்ந்தது.

தஹாஃபுத் நூலின் பதினேழாவது விவாதத்தைத் தேடிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பஞ்சும் நெருப்பும் பக்கத்தில் இருந்தால் பற்றாதா என்று ஊரில் பழமொழி சொல்வோம். கஸ்ஸாலி எடுத்துக்கொண்டதும் அதே பஞ்சு, அதே நெருப்பு. ஆய்வக மேசையில் ஓர் உருண்டைப் பஞ்சை வைத்து மெழுகுவத்தியைக் காட்டினேன். குப்பென்று பிடித்தது. "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "நெருப்பு பஞ்சை எரித்தது" என்றார்கள். "நெருப்பு தொட்டதைப் பார்த்தீர்கள். பஞ்சு எரிந்ததைப் பார்த்தீர்கள். 'அதனால்' என்பதை எங்கே பார்த்தீர்கள்?" என்றேன். ஆக்சிஜன் என்றான் ஒருவன், எரிவெப்பநிலை என்றாள் ஒருத்தி. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். தொட்டபோது எரிந்தது என்பதே நாம் கண்டது, தொட்டதால் எரிந்தது என்பது காணாதது. எரிய வைப்பவன் இறைவன் என்று கஸ்ஸாலி வாதிட்டதைச் சொன்னேன். ஐரோப்பாவில் தத்துவ அறிஞர் ஹியூம் இதே கேள்வியை எழுப்பியது அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து என்பதையும் சொன்னேன்.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். "அப்படியானால் நாளைக்கும் பஞ்சு எரியும் என்று எதை நம்பி எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள் சார்?" மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமல்தான் வந்திருக்கிறேன். உதவுங்கள்.

தத்துவ மாணவி:

உங்கள் மாணவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இப்னு ருஷ்து கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்.

கஸ்ஸாலியும் இதை எதிர்பார்த்தார். அப்படியானால் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாக மாறியிருக்கலாமே என்று எதிராளி கேட்பதாக அவரே எழுதுகிறார். அவர் பதில்: நடக்கக்கூடியது என்பது வேறு, நடக்கிறது என்பது வேறு. இறைவன் உலகை ஒரு வழக்கப்படி நடத்துகிறான், அந்த வழக்கம் மாறாது என்ற அறிவையும் நம் உள்ளத்தில் அவனே படைக்கிறான்.

இப்னு ருஷ்து தம் "தஹாஃபுத்துத் தஹாஃபுத்" நூலில் கஸ்ஸாலியின் வார்த்தைகளை எடுத்து எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். இங்கே வழக்கம் என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறார். யாருடைய வழக்கம்? இறைவனுடையதா? வழக்கம் என்பது திரும்பத் திரும்பச் செய்து பெறுவது, அது இறைவனுக்குப் பொருந்தாது. பொருள்களுடையதா? உயிரற்றதற்கு ஏது வழக்கம், அதற்கு இயல்புதான் உண்டு. இயல்பு என்றால் நான் சொல்வதை ஒப்புக்கொண்டாயிற்று. நம் மனத்தின் வழக்கமா? அது அறிவின் செயலன்றி வேறில்லை. நெருப்புக்கு என்று ஓர் இயல்பு இல்லையென்றால் அதை நெருப்பு என்று அழைக்கவே காரணம் இல்லை; காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்கிறார். பாடம் நடத்தும் உங்கள் துணிவுக்கு அவர் தரும் பதில் இது.

ஆனால் கஸ்ஸாலியின் விவாதம் வழக்கத்தோடு முடியவில்லை. அதே பதினேழாவது விவாதத்தில் இரண்டாவது வழி ஒன்றும் வைத்திருக்கிறார். சரி, நெருப்புக்கு எரிக்கும் இயல்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம், ஒரே மாதிரியான இரண்டு பஞ்சுகளில் ஒன்றை எரித்து ஒன்றை விடாது என்றும் ஒப்புக்கொள்வோம். ஆனாலும் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடுவே வந்து தடுக்கலாம் அல்லவா? உடம்பெல்லாம் டால்க் கல்லின் பொடியைப் பூசிக்கொண்டு எரியும் அடுப்புக்குள் உட்கார்ந்து சுடாமல் எழுந்து வருகிறவனைக் காட்டுகிறார். அதைப் பார்த்திராதவன் நடக்கவே நடக்காது என்பான் என்கிறார்.

அடுத்த வகுப்பில் இரண்டு பஞ்சு உருண்டைகள் வையுங்கள் சார். ஒன்றின் மேல் டால்க் பொடியைத் தடவி, ஒன்றை வெறுமனே விட்டு, எது முதலில் பிடிக்கும் என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதுங்கள்.